500 வாட் என்று போட்டிருக்கிறதே!

கம்ப்யூட்டர் மேசை: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கினால் பாதிக்குமேல் ஒரே பொருளைப் பற்றியவை: பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தனித்தனி லைன்களில் கம்ப்யூட்டருக்குத் தரும் பெட்டி. பழைய ஆட்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. புதுக் கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்கள் பிராசஸருக்கு ஒரு மாதம் யோசிப்பார்கள், கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு மாதம் யோசிப்பார்கள். பவர் சப்ளை முறை வரும்போது அலுத்துப்போய், "ஏதோ ஒன்று போட்டுவிடுங்கள்" என்பார்கள். அந்த 'ஏதோ ஒன்று'தான் 22 வருடமாக என் ரிப்பேர் மேசைக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அக்கா, ஐ5-12400 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வைத்துப் புதிதாகக் கம்ப்யூட்டர் சேர்க்கிறேன். கேபினெட்டோடு இலவசமாக ஒரு 500 வாட் பவர் சப்ளை வந்திருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 350 வாட்டுக்குள்தான் வருகிறது. இதுவே போதும்தானே?
– கல்லூரி மாணவர்

உங்கள் கணக்கு சரி தம்பி. எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த 500 மேல்தான்.

கணக்கையே முதலில் பார்த்துவிடுவோம். ஐ5-12400 பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் முழு மூச்சில் ஓடும்போது அது எடுக்கக்கூடிய உச்சமாக இன்டெல் தருவது 117 வாட். கார்டுக்கு 170. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வையுங்கள். மொத்தம் 337. இதில் 300 வாட்டுக்கு மேல் 12 வோல்ட் லைனிலிருந்து மட்டுமே போகிறது. 300-ஐ 12-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர். இந்த 25-ஐ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பவர் சப்ளையின் பக்கவாட்டில் கட்டம் போட்டு ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

என் மேசையில் இந்த நிமிடம் இரண்டு பவர் சப்ளைகள் கிடக்கின்றன. ஒன்றின் நெற்றியில் பெரிய எழுத்தில் 500 வாட். கட்டத்துக்குள் போனால் 3.3 வோல்ட்டில் 24 ஆம்பியர், 5 வோல்ட்டில் 30 ஆம்பியர், 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 வாட். அதாவது உங்களுக்கு வேண்டிய இடத்தில் இருப்பது 216தான். மற்ற லைன்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன், அப்போதும் 500 வரவில்லை. பக்கத்தில் இருப்பது அடக்கமாக 450 வாட் என்கிறது. அதன் 12 வோல்ட் லைனில் 37 ஆம்பியர், அதாவது 444 வாட். இந்த இரண்டில் எது பெரியது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

ஏன் இப்படி? ஒரு காலத்தில் போர்டும் பிராசஸரும் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களைத்தான் நம்பியிருந்தன. 2000-இல் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் பிளக் வந்தது. அன்றிலிருந்து பெரிய செலவெல்லாம் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. 5 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்று பெருமையடிக்கிற ஸ்டிக்கரைப் பார்த்தால், உள்ளே இருப்பது அந்தக் காலத்து வடிவமைப்பு என்று நினைத்துக்கொள்வேன். அல்லது ஸ்டிக்கர் அச்சடித்தவர் தாராள மனசுக்காரர்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு 550 வாட், 12 வோல்ட்டில் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் இருக்கிற ஒன்று போதும். 337-க்கு எதற்கு 550 என்பீர்கள். இன்றைய கார்டுகள் சீராக மின்சாரம் எடுப்பதில்லை. கண் இமைப்பதற்குள் நூறு முறை எகிறி இறங்கும். 170 வாட் கார்டு கணநேரத்துக்கு அதைவிட எவ்வளவோ அதிகம் இழுக்கும், மல்ட்டிமீட்டரில் அது தெரியவே தெரியாது. பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ். விதிமுறையின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பான 3.0, பெரிய கார்டுகளுக்கான பவர் சப்ளைகள் தங்கள் அளவைப்போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று எழுதியே வைத்தது இதனால்தான்.

அப்புறம் ஒன்று. அந்த இலவச சப்ளையில் கார்டுக்கான 8 பின் பிளக் இல்லாவிட்டால், டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து மாற்றித் தரும் வயர் இருக்கிறது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் மூன்றும் சேர்ந்து தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 8 பின் பிளக் வழியாகக் கார்டு 150 வாட் வரை கேட்கும். பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்த பிறகுதான் தப்பு தெரியும்.

850 வாட், 1000 வாட் என்று பெரிதாகப் போட்டால் கரண்ட் பில் எகிறுமா மேடம்?
– இல்லத்தரசி

எகிறாது. 1000 வாட் என்பது கொடுக்க முடிந்த அளவு, எப்போதும் தின்கிற அளவு அல்ல. கம்ப்யூட்டர் கேட்பது 300 வாட் என்றால் இரண்டும் 300தான் கொடுக்கும்.

வித்தியாசம் வேறு இடத்தில். 300 வாட் கொடுக்க, 90 சதவீதத் திறன் உள்ள சப்ளை சுவரிலிருந்து 333 வாட் எடுக்கும். 80 சதவீதம் உள்ளது 375 எடுக்கும். நடுவிலுள்ள 42 வாட் சூடாக அறைக்குள்தான் வரும். 2004-இல் தொடங்கிய '80 பிளஸ்' சான்று இந்தத் திறனைத்தான் அளக்கிறது. சப்ளையின் அளவில் 20, 50, 100 சதவீதம் வேலை வாங்கும்போது (லோடு என்பது இதைத்தான்) குறைந்தது 80 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மேலே வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாகப் போகும்.

தங்க முத்திரை இருந்தால் எல்லாம் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது திறனுக்கான மதிப்பெண்தான். வோல்ட் நிலையாக நிற்குமா, அதிக லோடில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அந்தப் பாடத்திட்டத்திலேயே இல்லை. முத்திரையைப் போலவே வரைந்த போலிகளும் உண்டு. சான்று வாங்கிய மாடல்களின் பட்டியலைச் சான்று தருபவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள், பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெறும் கடிதம், கணக்கு, படம் பார்க்கிற வேலைக்கு 1000 வாட் வாங்குவது மட்டும் வீண். 50, 60 வாட்டில் ஓடும்போது அவ்வளவு பெரிய சப்ளையின் திறன் படுத்துவிடும்.

கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் 'டக்' என்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. பட்டனை அழுத்தினாலும் எழாது. சுவர் ஸ்விட்சை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் எழுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கிறது. பவர் சப்ளைதான் குற்றவாளி என்று இது நிரூபிக்கிறதா? பயாஸில் (விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில்) பார்த்தால் 12 வோல்ட் 12.096 என்று அழகாகக் காட்டுகிறது.
– கணக்காளர்

41 எதையும் நிரூபிக்காது சார். "போன முறை முறையாக அணைக்காமல் போய்விட்டார்கள்" என்று விண்டோஸ் விழித்தெழுந்து சொல்லும் புகார் அது, அவ்வளவுதான். யாராவது பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41 வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு ஒரு நல்ல தடயம் இருக்கிறது: சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டால்தான் எழுகிறது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டால்தான் பெரும்பாலும் இப்படி நடக்கும். தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் ரேம், பிராசஸர் சூடு என்று வேறு நான்கு பேரையும் விசாரித்திருப்பேன்.

பயாஸ் காட்டும் 12.096-ஐ விட்டுவிடுங்கள். பயாஸ் திரையில் கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்கும்போது எல்லா சப்ளையும் உத்தமர்தான். போதாததற்கு, அந்த எண் போர்டிலுள்ள சின்ன சிப் சொல்வது. அதுவே சில சமயம் அரை வோல்ட் தப்பாகச் சொல்லும்.

சென்ற மாதம் இதே புகாரோடு ஒன்று வந்தது. நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் வேலை, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் நகல் எடுத்தேன். சாகப்போகிற சப்ளையை லோடில் ஓட்டுவது விளையாட்டில்லை, போகும்போது கூட யாரையாவது இழுத்துக்கொண்டு போகலாம். அடுத்து மல்ட்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை வோல்ட் துளையில்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் அளக்கப் போனால் மீட்டரே ஒரு ஷார்ட் சர்க்யூட். எனக்கு ஒரு முறை நடந்திருக்கிறது, முனையில் இன்னும் கரி இருக்கிறது.

கார்டுக்குப் போகும் 8 பின் பிளக்கின் பின்பக்கம், மஞ்சள் வயர் நுழைகிற ஓட்டைக்குள் சிவப்பு முனையை மெதுவாகச் சொருகினேன்; அதே பிளக்கின் கறுப்பு வயரில் கறுப்பு முனை. டிஸ்க்குக்குப் போகும் உதிரி பிளக்கில் அளந்தால் சுலபம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் லோடு ஓடுவது இந்த வயரில். வயரிலேயே விழுகிற வோல்ட்டும் தெரிய வேண்டுமானால் இங்கேதான் அளக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது 12.08. பிராசஸருக்கு மட்டும் வேலை கொடுத்தேன்: 11.93. அதை நிறுத்திவிட்டு கார்டுக்கு மட்டும்: 11.61. பிறகு ஓ.சி.சி.டி. மென்பொருளில் இரண்டையும் ஒன்றாக முறுக்கும் சோதனை. 11.44... 11.37... ஆறாவது நிமிடத்தில் 11.28. டக். இருட்டு.

ஏ.டி.எக்ஸ். 3.0-க்கு முந்தைய விதிமுறை அனுமதிப்பது 5 சதவீதம் மேலே, 5 சதவீதம் கீழே. அதாவது 12 வோல்ட் லைன் 11.40-க்கும் 12.60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25. இன்னொரு வேடிக்கை: 12 வோல்ட் இறங்க இறங்க, இரண்டாவது மீட்டரில் 5 வோல்ட் லைன் 5.21 வரை ஏறியது. 12-க்கும் 5-க்கும் சேர்த்து ஒரே கடிவாளம் போட்ட மலிவு வடிவமைப்பின் அடையாளம் இது. ஒன்றைத் தூக்கிப் பிடிக்கப் பார்க்கும்போது மற்றொன்றும் கூடவே எழும்பும். நல்ல சப்ளைகளில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் 12-லிருந்து தனித்தனியாக எடுக்கப்படுவதால் இந்தக் கூத்து இருக்காது.

உங்கள் மீட்டரில் 12 வோல்ட் 11.8-க்குக் கீழே போகாமல் நின்று, ஆனாலும் அணைகிறது என்றால் சந்தேகம் கார்டின் திடீர் எகிறல் பக்கம் திரும்பும். அப்போது கார்டின் மென்பொருளில் அதன் மின் அளவை 70 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால், சப்ளைக்குத் தாங்கும் சக்தி போதவில்லை என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். கடைசி சாட்சி, நல்லதென்று தெரிந்த வேறொரு சப்ளையை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. அதன் சொந்த வயர்களோடு. ஏன் என்பதற்குக் கீழே ஒரு கண்ணீர்க் கதை இருக்கிறது.

சப்ளையிலிருந்து போர்டுக்குப் போகும் பெரிய பிளக்கில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் ஓடியது. அப்படியானால் நல்ல சப்ளைதானே?
– டிப்ளமோ மாணவி

செத்துவிடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். நாடி பார்த்தாயிற்று, மூட்டை தூக்குவாரா என்பது இனிமேல்தான் தெரியும்.

நாடி பார்ப்பதையும் ஒழுங்காகப் பார்க்கலாம். கிளிப்பைச் செருகுவதற்கு முன்னாலேயே ஊதா வயரை அளக்க வேண்டும். சப்ளைக்குக் கரண்ட் கொடுத்ததுமே அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே போகவே வேண்டாம். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பச்சை–கறுப்பை இணைத்து, மறுபடி கரண்ட் கொடுங்கள். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. நீலம் மைனஸ் 12. அதற்கு மட்டும் 10 சதவீத சலுகை உண்டு. எல்லாரும் மறக்கிற வயர் சாம்பல் நிறம். வோல்ட்டெல்லாம் சரியாகிவிட்டது என்று சப்ளை போர்டுக்குச் சொல்லும் செய்தி அதில்தான் போகிறது. 5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். மஞ்சளும் சிவப்பும் சரியாக இருந்து சாம்பல் மட்டும் எழாமல் இருந்தால் ஃபேன் சுற்றும், கம்ப்யூட்டர் மட்டும் எழாது. எத்தனையோ நல்ல போர்டுகள் இந்தச் சாம்பல் வயரால் பழி சுமந்திருக்கின்றன.

இப்போது வரும் சப்ளைகளில் எல்லா வயரும் கறுப்பு. நிறத்தை நம்பிப் பழகியவர்களுக்குக் கஷ்டம். 24 பின் பிளக்கில் ஒரு குழி மட்டும் காலியாக இருக்கும் பாருங்கள், அது 20-ஆவது பின். அந்த வரிசையில் காலிக் குழிக்கு ஒரு பக்கம் 4 பின், இன்னொரு பக்கம் 7 பின். 7 இருக்கும் பக்கமாக எண்ணினால் முதல் மூன்றும் கறுப்பு வயரின் இடம், நான்காவது பச்சையின் இடம். அப்படியும் கை நடுங்கினால் இதற்கென்றே கிடைக்கும் ஜம்பர் பிளக்கை வாங்கிவிடுங்கள். சில சப்ளைகளில் லோடு குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றவே சுற்றாது, அமைதிக்காக அப்படிச் செய்திருப்பார்கள். ஃபேன் சுற்றவில்லை என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மூட்டை தூக்க வைக்க நான் செய்து வைத்திருப்பது ஒரு பலகை. 12 வோல்ட், 50 வாட் ஹாலஜன் பல்புகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். ஒரு பல்பு ஏறக்குறைய 4 ஆம்பியர். ஆறும் எரிந்தால் 25 ஆம்பியர், மேலே அந்தத் தம்பிக்குச் சொன்ன அதே கணக்கு. மூன்று பல்புகள் பிராசஸர் பிளக்கிலிருந்து, மூன்று கார்டு பிளக்கிலிருந்து. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது. குளிர்ந்த இழை, எரியும் இழையைப்போல் பத்து மடங்குவரை இழுக்கும், நல்ல சப்ளைகூட ஷார்ட் என்று நினைத்துப் பூட்டிக்கொள்ளும். ஒன்று, இரண்டு என்று ஏற்றி அரை மணி நேரம் எரியவிடுவேன். அறை வெளிச்சமாகி, மேசை அடுப்பாகிவிடும். அரை மணி கழித்தும் 11.8-க்கு மேல் நிற்கிற சப்ளையைத்தான் 'ஆள் பரவாயில்லை' என்று எழுதி ஒட்டுவேன்.

ரிப்பிளைப் பற்றியும், அதாவது வோல்ட்டின் மேல் படியும் சின்னச் சின்ன அலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 12 வோல்ட் லைனில் 120 மில்லிவோல்ட், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட், அதுதான் எல்லை. மல்ட்டிமீட்டரில் தெரியாது, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு போட்டு, அளக்கும் இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக்கும் 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். விதிமுறை சொல்லும் வழி அதுதான்.

பழைய மாடுலர் சப்ளையை (வயர்களைத் தனியே கழற்றி மாட்டக்கூடியது) எடுத்துவிட்டுப் புதியது போடுகிறேன். வயர்களைக் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதிய சப்ளையில் செருகிக்கொள்ளலாமா? பிளக் பொருந்துகிறது.
– கிராபிக்ஸ் டிசைனர்

பொருந்தும். அதுதான் வில்லங்கமே.

போர்டு பக்கம், டிஸ்க் பக்கம் பிளக்குகளுக்கு ஒரே விதிமுறை. சப்ளை பக்கத்துப் பிளக்குக்கு எந்த விதிமுறையும் கிடையாது. ஒருவர் 12 வோல்ட் வைக்கும் பின்னில் இன்னொருவர் 5 வைப்பார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு இரவு, அவசர வேலை. மேசைக்கடியில் எல்லா சப்ளைகளின் வயர்களையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். கைக்கு வந்த சாட்டா வயரைச் செருகினேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஸ்விட்சைப் போட்டதும் கட்டெறும்பை மிதித்ததுபோல் சின்னதாக ஒரு சத்தம். சப்ளை உடனே அணைந்தது. ஒரு கணம் கழித்து வாசனை. அந்த வயரில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன: ஒன்று வாடிக்கையாளருடையது, ஒன்று என்னுடையது. வாடிக்கையாளருடையதில் 5 வோல்ட் லைனுக்குக் காவலாக இருந்த ஒரு சின்ன டையோடு தன் உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. அதை எடுத்துவிட்டதும் டிஸ்க் ஒரு முறை எழுந்தது, அந்த ஒரு முறையில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டேன். என் டிஸ்க் எழவில்லை. ஆறு வருடப் புகைப்படங்கள்.

இப்போது ஒவ்வொரு சப்ளையின் வயர்களும் தனித்தனித் துணிப்பையில், பையின் வாயில் பெயர்ச்சீட்டு. உங்கள் அழகான கட்டுகளையெல்லாம் வெட்டிவிட்டுப் புதுப் பெட்டியிலுள்ள வயர்களையே போடுங்கள். மன்னிக்கவும்.

சப்ளை மாற்றிய பிறகு, கரண்ட் போனால் யூ.பி.எஸ். இருந்தும் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது. முன்பு இப்படி இல்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, முதலில் யூ.பி.எஸ். மேல் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 600 வி.ஏ. என்பது 600 வாட் அல்ல, பல யூ.பி.எஸ்.களில் அது 360 வாட்தான். இரண்டாவது, உங்கள் புதுச் சப்ளையில் ஆக்டிவ் பி.எஃப்.சி., அதாவது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று இருக்கும். விலை குறைந்த யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது வழுவழுப்பான அலைக்குப் பதில் படிக்கட்டு மாதிரியான அலையைக் கொடுக்கும். இந்த இரண்டுக்கும் சில சமயம் ஒத்துவராது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி. எதையும் திறந்து வைக்காமல், கம்ப்யூட்டரைச் சும்மா விட்டு, யூ.பி.எஸ்.சின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். அப்போதே அணைந்தால் அலைப் பிரச்சினை, அல்லது பேட்டரி காலி. அப்போது தாக்குப்பிடித்து, கனமான வேலை ஓடும்போது மட்டும் அணைந்தால் யூ.பி.எஸ். அளவு போதவில்லை. சப்ளையைச் சந்தேகிப்பது கடைசியில்தான்: உள்ளே வரும் கரண்ட் நின்றாலும் முழு லோடில் பத்து மில்லிவிநாடிக்கு மேல் அது தானே தாங்க வேண்டும், சாதாரண யூ.பி.எஸ். மாறுவதற்கு அதற்குள்ளான நேரமே போதும்.

தூசி படிந்திருக்கிறது. திறந்து துடைக்கலாமா?

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ளதில் 400-ஐ நெருங்கும். வெளியிலிருந்தே காற்றடியுங்கள். அடிக்கும்போது ஒரு குச்சியால் ஃபேன் இறக்கையை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

பழைய சப்ளைகளை வாங்கும்போது கையில் தூக்கி எடை பார்ப்பேன். கனமாக இருந்தால் நல்லது என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். சரியா மேடம்?
– வாசகர்

ஓரளவு சரி. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், தடித்த ஹீட்சிங்க், வடிகட்டிச் சுருள்கள் எல்லாம் இருந்தால் கனம் வரத்தான் செய்யும். மலிவானவற்றில் வடிகட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு இருக்கும். ஆனால் திறன் கூடக் கூட ஹீட்சிங்க் சிறுத்துவிடுகிறது, இன்று நல்ல சப்ளையே லேசாக இருக்கலாம்.

நானும் உங்களைப்போல் தூக்கிப் பார்த்து வாங்கியவள்தான். அப்படி வாங்கிய ஒன்று இரண்டு பல்புக்கே படுத்துவிட்டது. திறந்து பார்த்தால் எடை காட்டுவதற்காகவே அடித்தகட்டில் ஓர் இரும்புப் பட்டையைத் திருகி வைத்திருந்தார்கள். சப்ளை போய்விட்டது, பட்டை மட்டும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் எழுதும் கடிதங்கள் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க இப்போது அதைத்தான் மேலே வைக்கிறேன். நல்ல கனம்.